நுழைவுச் சீட்டு, மானியம், அரங்க வாடகை: அறிவியல் அருங்காட்சியகங்களின் வரவு செலவு எப்படி நடக்கிறது?

நியூ டவுன் (கொல்கத்தா): கொல்கத்தாவின் கிழக்கே, சால்ட் லேக் பகுதியை ஒட்டி வளர்ந்துள்ள நியூ டவுனில் இந்தியக் கடற்படையின் டியூ-142 ரகக் கண்காணிப்பு விமானம் ஒன்று அருங்காட்சியகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தமிழக வாசகர்களுக்கு இவ்வகை விமானம் அந்நியமானது அல்ல. 1992-ஆம் ஆண்டு முதல் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கண்காணித்த இவ்வகை விமானங்கள், 2017 மார்ச் 29 அன்று அங்கேயே பணி ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மற்றொன்று நியூ டவுனுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

மேற்கு வங்க அரசின் வீட்டுவசதி உட்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகமான ஹிட்கோ, 1999-இல் தொடங்கப்பட்டதிலிருந்து நியூ டவுனை வடிவமைத்து வருகிறது. 2012 டிசம்பரில் திறக்கப்பட்ட 480 ஏக்கர் ஈக்கோ பார்க், 2014-இல் திறக்கப்பட்ட மெழுகுச் சிலை அருங்காட்சியகம், 2017-இல் திறக்கப்பட்ட விஸ்வ பாங்க்ளா மாநாட்டு மையம் என ஒவ்வொன்றாக அங்கே எழும்பின. வீட்டுமனைகளையும் தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களையும் மட்டுமே கொண்டு ஒரு நகரத்தை நிரப்பிவிட முடியாது, விடுமுறை நாளில் குடும்பங்கள் செல்ல ஓர் இடம் வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது.

நியூ டவுனிலிருந்து கால்வாயைத் தாண்டினால் சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டார் வந்துவிடும். அங்குதான் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தின் தலைமையகம் உள்ளது. ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் அறிவியல் மையங்களின் வலையமைப்புகளில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையோரம் உள்ள மாவட்ட அறிவியல் மையமும் இதன் குடையின் கீழ்தான் இயங்குகிறது. லாபம் ஈட்டும் நோக்கமின்றி நடத்தப்படும் இத்தகைய நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அது எதற்குச் செலவாகிறது, ஓர் ஆண்டு வரவு குறைந்தால் முதலில் எது நின்றுபோகிறது என்பன பார்வையாளர்கள் அதிகம் கேட்காத கேள்விகளாகும்.

பிர்லாவின் மாளிகையில் தொடங்கியது

இந்தியாவில் அறிவியல் அருங்காட்சியக இயக்கம் கொல்கத்தாவின் குருசதய் சாலையில் உள்ள ஒரு மாளிகையிலிருந்து தொடங்கியது. தொழிலதிபர் ஜி.டி. பிர்லா தமக்குச் சொந்தமாக இருந்த அந்த மாளிகையையும் நிலத்தையும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்துக்கு நன்கொடையாக அளித்தார். அப்போதைய முதலமைச்சர் பிதான் சந்திர ராய் இந்த முயற்சிக்கு ஊக்கமளித்தார். 1959 மே 2 அன்று பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில், 1962 ஜூலையில், பெங்களூருவில் விஸ்வேஸ்வரய்யா பெயரிலான அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது.

ஆராய்ச்சிக் கூடங்களை நடத்துவதற்காக உருவான ஓர் அமைப்பு அருங்காட்சியகங்களையும் சேர்த்து நிர்வகிப்பதில் இயல்பாகவே சில இடர்ப்பாடுகள் இருந்தன. ஆய்வகத்தின் வெற்றியைக் கண்டுபிடிப்புகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் கொண்டு அளக்கலாம். அருங்காட்சியகத்தை அந்த அளவுகோலால் அளக்க இயலாது. எனவே 1978 ஏப்ரல் 4 அன்று இவை தனியே பிரிக்கப்பட்டு, தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் உருவாக்கப்பட்டது. தற்போது அது மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் உள்ளது.

சட்டப்படி இக்குழுமம் அரசுத் துறையும் அன்று, நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனியும் அன்று. மேற்கு வங்கச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1961-இன் கீழ் பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம் இது. ஒரு நகரின் வாசகர் வட்டமோ குடியிருப்போர் நலச் சங்கமோ பதிவாகும் அதே வகையான சட்ட வடிவம்தான். பங்குதாரர்கள் இல்லை, மிஞ்சும் தொகையை எவரும் லாபமாகப் பிரித்துக்கொள்ள முடியாது, அது நிறுவனத்தின் நோக்கத்துக்கே திரும்பச் செல்ல வேண்டும். அதே வேளையில் ஊழியர்களின் ஊதியம் மத்திய அரசின் ஊதிய விகிதத்தைப் பின்பற்றுகிறது. கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார். வடிவத்தில் சங்கமாகவும், வரவில் பெரும்பாலும் அரசைச் சார்ந்ததாகவும் இருக்கும் இந்த இரட்டைத்தன்மையை அறியாமல் இதன் நிதிநிலையைப் புரிந்துகொள்வது கடினம்.

மூன்று பைகளில் வரும் மானியம்

மத்திய அரசின் மானியம் ஒரே தொகையாக, விருப்பம்போல் செலவழித்துக்கொள்ளுமாறு வருவதில்லை. ஊதியத்துக்கு ஒன்று, பொதுச் செலவுக்கு ஒன்று, மூலதனச் சொத்துகளை உருவாக்க ஒன்று எனத் தனித்தனித் தலைப்புகளில் ஒதுக்கப்படுகிறது. ஒரு தலைப்பில் மிஞ்சியதை மற்றொன்றுக்கு நிர்வாகம் தானாகவே மாற்றிக்கொள்ள முடியாது. புதிய காட்சிக்கூடம் கட்டப் பணம் இருக்கும்போதே, பழைய காட்சிக்கூடத்தில் பழுதான மோட்டாரை மாற்றப் பணம் போதாமல் இருக்கும் நிலை இதனால் ஏற்படக்கூடும். மானியத்தொகை வங்கியில் இருக்கும்போது கிடைக்கும் வட்டியையும், 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, அரசின் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். பெற்ற தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்த பிறகே அடுத்த தவணை நகரும்.

அதே விதிகள் மற்றொன்றையும் கூறுகின்றன: அரசு மானியம் பெறும் தன்னாட்சி அமைப்புகள் தம் சொந்த வருவாயை இயன்றவரை பெருக்கி, காலப்போக்கில் தன்னிறைவை நோக்கி நகர வேண்டும் என்பது அரசின் எதிர்பார்ப்பு. ஐ.ஐ.டி. போன்ற உயர்கல்வி நிறுவனத்துக்கும், கிராமத்துப் பள்ளி மாணவர்கள் வந்து செல்லும் அறிவியல் மையத்துக்கும் ஒரே வாசகம் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். இது எந்த ஒரு மையத்தின் உண்மைக் கணக்கும் அன்று, விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு மாவட்ட மையத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் பேர் வருவதாகவும், பள்ளிக் குழந்தைகளுக்கான சலுகையைக் கழித்துவிட்டுத் தலைக்குச் சராசரியாக 20 ரூபாய் கிடைப்பதாகவும் கொண்டால், நுழைவுச் சீட்டு வருவாய் 60 லட்சம் ரூபாய். அங்கே 25 ஊழியர்கள் பணியாற்றி, ஒருவருக்கு மாதம் சராசரியாக 60,000 ரூபாய் செலவானால், ஊதியத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் ரூபாய் தேவை. மின்கட்டணம், பாதுகாப்பு, தூய்மைப் பணி, பராமரிப்பு ஆகியவை இதில் சேரவில்லை. ஊதியச் செலவை மட்டும் ஈடுகட்டவே கட்டணத்தை மும்மடங்காக்க வேண்டும். அப்படி உயர்த்திய பிறகும் அதே 3 லட்சம் பேர் வருவார்கள் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. ஒரு வகுப்பில் 40 மாணவர்களை அழைத்து வரும் ஊராட்சிப் பள்ளி ஆசிரியர்தான் முதலில் பின்வாங்குவார்.

வரி விதிப்பிலும் அருங்காட்சியகத்துக்கு ஒரு சலுகை உண்டு. அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. கருத்தரங்கக் கூடத்தை வாடகைக்கு விடுவது போன்ற வணிகச் சேவைகளுக்குப் பொதுவாக 18 சதவீத வரி உண்டு. ஒரே வளாகத்துக்குள் இரு வகை வரவுகள் இருப்பதை வரிச் சட்டமும் இவ்வாறு பிரித்தே பார்க்கிறது.

குப்பைமேட்டில் எழுந்த சயின்ஸ் சிட்டி

நுழைவுச் சீட்டால் மட்டும் ஓர் அறிவியல் மையம் பிழைக்க முடியாது என்பதை முன்கூட்டியே உணர்ந்து கட்டப்பட்ட நிறுவனம் கொல்கத்தாவின் சயின்ஸ் சிட்டி. கிழக்குப் பெருநகரப் புறவழிச் சாலையோரம், ஒருகாலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட தாப்பா பகுதியை ஒட்டிய சுமார் 50 ஏக்கர் நிலத்தில் அது எழுந்தது. குழுமத்தின் அன்றைய தலைமை இயக்குநர் சரோஜ் கோஷ் இத்திட்டத்தின் மூளையாக விளங்கினார். உலக அருங்காட்சியகங்கள் கவுன்சிலின் தலைவராகவும் 1992 முதல் 1998 வரை பணியாற்றியவர் அவர்.

திறப்பு விழாக்களின் வரிசையே திட்டத்தின் நோக்கத்தைப் புலப்படுத்துகிறது. 1996 டிசம்பர் 21 அன்று முதலில் திறக்கப்பட்டது மாநாட்டு மையம். ஓசோன் படலம் குறித்த ஆய்வுக்காக 1995-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் அதைத் திறந்து வைத்தார். அறிவியல் பகுதி அதன் பிறகு, 1997 ஜூலை 1 அன்று, அப்போதைய பிரதமர் ஐ.கே. குஜ்ராலால் திறக்கப்பட்டது. வருவாய் தரும் பகுதி முன்பே தயாராகிவிட்டது. 2,232 இருக்கைகள் கொண்ட பெரிய அரங்கம், சுமார் 400 பேர் அமரும் சிறிய அரங்கம், கருத்தரங்கக் கூடங்கள் ஆகியவற்றின் வாடகையும், சீட்டு வருவாயும், ரோப் கார் போன்ற சவாரிகளின் கட்டணமும் சேர்ந்து அன்றாடச் செலவைத் தாங்க வேண்டும் என்பதே அடிப்படைத் திட்டம். மருத்துவர்களின் மாநாடும், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவும், இசை நிகழ்ச்சியும் அங்கே நடைபெறும்போது, அவற்றின் வாடகையில் ஒரு பகுதி அடுத்த கட்டடத்தில் குழந்தைகள் சுழற்றும் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறது எனலாம்.

இந்த ஏற்பாடு நீண்ட காலம் பாராட்டப்பட்டது. அரசு மானியத்தை எதிர்பாராமல் அன்றாடச் செயல்பாட்டை நடத்தக்கூடிய அறிவியல் மையம் இந்தியாவில் அரிது. ஆனால் அதன் வலிமை எதுவோ அதுவே அதன் பலவீனமாகவும் அமையக்கூடும். 1990-களின் பிற்பகுதியில் இத்தனை பெரிய, குளிரூட்டப்பட்ட அரங்கம் கொல்கத்தாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. 2017-இல் நியூ டவுனில் விஸ்வ பாங்க்ளா மாநாட்டு மையம் திறக்கப்பட்டது. 3,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம், தங்கும் விடுதி, விமான நிலையத்துக்கு அருகாமை ஆகிய வசதிகள் அதற்கு உண்டு. மாநில அரசின் உலக வணிக உச்சி மாநாடும் 2018 முதல் அங்கே நடத்தப்பட்டது. மாநாட்டு ஏற்பாட்டாளர்களுக்கு இப்போது தெரிவு உண்டு. அறிவியல் மையம் ஒன்று, தன் காட்சிப்பொருள்களைப் பராமரிக்கத் தேவையான பணத்துக்காக, அறிவியலுக்குத் தொடர்பே இல்லாத அரங்கச் சந்தையில் போட்டியிட வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா பொதுமுடக்கம் வந்தபோது இச்சார்பின் மறுபக்கம் தெரிந்தது. நுழைவுச் சீட்டு, அரங்க வாடகை, சவாரிக் கட்டணம் என மூன்றும் ஒரே நாளில் நின்றன. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த மையங்கள் திறக்கப்பட்ட பின்னரும், 2021-இல் இரண்டாம் அலை மீண்டும் கதவுகளை அடைத்தது. ஊதியத்தை மானியமாகப் பெறும் மாவட்ட மையங்களைக் காட்டிலும், சொந்த வருவாயை நம்பும் நிறுவனங்களுக்கு இது கடினமான காலமாக இருந்தது. தன்னிறைவு என்ற சொல்லை இனிப் பயன்படுத்துவோர், இருப்பு நிதி எவ்வளவு என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்.

தொட்டுப் பார்க்க வைத்தால் உடையும்

சாதாரண அருங்காட்சியகத்தில் தொடாதீர்கள் என்ற பலகை இருக்கும். அறிவியல் மையத்தில் தொடுங்கள், அழுத்துங்கள், சுழற்றுங்கள் என்பார்கள். கற்பித்தலுக்கு இது சிறந்த முறை. கணக்கு எழுதுபவருக்கு இது தீராத தலைவலி. சோழர் காலச் செப்புத் திருமேனி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நூறாண்டுகள் அப்படியே இருக்கும். நாளொன்றுக்குப் பல நூறு கைகள் அழுத்தும் பொத்தானும், இழுக்கும் நெம்புகோலும் அவ்வளவு காலம் தாங்கா. பழுதான காட்சிப்பொருளின் மீது ஒட்டப்படும் பழுதுபார்க்கப்படுகிறது என்ற சீட்டு, அந்த மையத்தின் பொதுச் செலவுத் தலைப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடும்.

இச்செலவைக் குறைக்கக் குழுமம் கையாளும் வழி, காட்சிப்பொருள்களைத் தன் பட்டறைகளிலேயே உருவாக்குவது. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் உதிரி பாகத்துக்கும் வெளிநாட்டையே எதிர்பார்க்க வேண்டும். சால்ட் லேக்கில் உள்ள மத்திய ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கூடத்தில் புதிய காட்சிப்பொருள்கள் வடிவமைக்கப்படுகின்றன. பிற மையங்களின் பணியாளர்களுக்குப் பயிற்சியும் தரப்படுகிறது. இந்தத் திறன் நாளடைவில் ஒரு வருவாய் வழியாகவும் மாறியது. மொரீஷியஸில் 2004-இல் திறக்கப்பட்ட ராஜீவ் காந்தி அறிவியல் மையத்தை உருவாக்கித் தந்தது இக்குழுமமே. வாரணாசியின் மான் மஹாலில் 2019-இல் திறக்கப்பட்ட மெய்நிகர் அனுபவ அருங்காட்சியகமும் இவர்களின் கைவண்ணம். பிறருக்குக் கட்டித் தருவதில் வரும் வருவாய் ஆண்டுதோறும் ஒரே அளவில் இருக்காது என்பதால், அதை நம்பி நிரந்தரச் செலவுகளைத் திட்டமிட முடியாது.

காலமும் காட்சிக்கூடங்களைப் பழையதாக்குகிறது. 1990-களில் வியப்பூட்டிய கணினிக் காட்சிக்கூடத்தை இன்று கைப்பேசியுடன் வரும் சிறுவன் ஒரு பார்வையில் கடந்துவிடுவான். சயின்ஸ் சிட்டியில் 2008-இல் புவி ஆய்வுக் கூடமும், பின்னர் அறிவியல் ஆய்வுக் கூடமும், 2025 தொடக்கத்தில் காலநிலை மாற்றம் குறித்த காட்சிக்கூடமும் சேர்க்கப்பட்டது இதன் பொருட்டே. இவை மூலதனச் செலவுகள் என்பதால், அன்றாடச் செலவைத் தானே சமாளிக்கும் நிறுவனம்கூட இவற்றுக்கு அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியுள்ளது.

வருவாய் தராத பேருந்து

குழுமத்தின் திட்டங்களில் வரவு செலவு ஏட்டின்படி மிகவும் நட்டமானது எது என்று கேட்டால், நடமாடும் அறிவியல் கண்காட்சியைச் சொல்லலாம். 1965-இல் கொல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் இதைத் தொடங்கியது. ஒரு பேருந்தின் இருபுறமும் இரண்டு டஜன் அளவிலான காட்சிப்பொருள்களைப் பொருத்தி, அதைக் கிராமத்துப் பள்ளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். பள்ளி வளாகத்தில் நிறுத்திப் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்தால் கண்காட்சி தயார். இரவில் தொலைநோக்கி வழியாக வான்நோக்கலும் உண்டு. நகருக்கு வர இயலாத பிள்ளைகளிடம் அருங்காட்சியகமே செல்ல வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த திட்டம் அது.

டீசல், ஓட்டுநர், உடன் செல்லும் விளக்குநர்கள், அவர்களின் பயணப்படி, மேடு பள்ளச் சாலையில் குலுங்கி உடையும் கருவிகள் எனச் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். திரும்பக் கிடைக்கும் கட்டணமோ பெயரளவுக்கே. சொந்த வருவாயைப் பெருக்குங்கள் என்ற அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் நிர்வாகி ஒருவர் முதலில் நிறுத்த வேண்டியது இந்தப் பேருந்தைத்தான். ஆனால், குழுமம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மிக நெருக்கமாக இருப்பதும் அதுவே. பல பேருந்துகள் இன்றும் பல மாநிலங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கிலோமீட்டர் ஓடின, எத்தனை பள்ளிகளைச் சென்றடைந்தன என்பதைப் பார்த்தால், ஒரு மையத்தின் நிதிநிலையைக் கட்டடத் திறப்பு விழாக்களைவிடத் தெளிவாக அறியலாம்.

இதைத் தவிர ஆசிரியர் பயிற்சி, அறிவியல் நாடக விழா, மாணவர் கருத்தரங்கு, பொறியியல் கண்காட்சி, மாணவர்கள் தாமே கருவிகளைச் செய்து பார்க்கும் புத்தாக்க மையங்கள் எனப் பல திட்டங்கள் நடைபெறுகின்றன. 2019-இல் அணுசக்தித் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றுடன் இணைந்து நடத்தப்பட்ட விஞ்ஞான் சமாகம் கண்காட்சி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களுக்குச் சென்றது.

நெல்லைக்கு ஒரு நிதி, கோவைக்கு ஒரு நிதி

மேற்கு வங்கத்தின் புருலியாவில் 1982-இல் முதல் மாவட்ட அறிவியல் மையம் திறக்கப்பட்டது. பெருநகரங்களுக்கு வெளியே அறிவியல் மையங்களைக் கொண்டுசெல்லும் அத்திட்டத்தின் தொடர்ச்சியாக 1987-இல் திருநெல்வேலிக்கு மாவட்ட மையம் வந்தது. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் மேற்பார்வையில் இயங்கும் இம்மையத்தின் ஊதியமும் பராமரிப்பும் குழுமத்தின் பொறுப்பு. சுருங்கச் சொன்னால், மத்திய அரசின் நிதி.

கோயம்புத்தூரில் கொடிசியா வளாகம் அருகே 2013-இல் திறக்கப்பட்ட மண்டல அறிவியல் மையத்தின் கதை வேறு. அறிவியல் பண்பாட்டை வளர்க்கும் மத்தியத் திட்டத்தில் இத்தகைய மையங்களைக் கட்டும் செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. குழுமம் கட்டி முடித்து, காட்சிப்பொருள்களை நிறுவி, மாநிலத்திடம் ஒப்படைத்துவிடும். அதன் பிறகு நடத்தும் செலவு மாநிலத்தைச் சேரும். தமிழகத்தில் இப்பொறுப்பைத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம் ஏற்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 1988-இல் திறக்கப்பட்ட பி.எம். பிர்லா கோளரங்கத்தையும், திருச்சியில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்தையும் நடத்துவதும் இந்த அமைப்பே.

இந்த முறையில் இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட மையங்கள் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. உத்தராகண்ட் தலைநகர் டேராடூனில் சயின்ஸ் சிட்டி அமைக்க 2020-இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, மொத்த மதிப்பீடான 173 கோடி ரூபாயில் மத்திய அரசு 88 கோடியும் மாநில அரசு 85 கோடியும் ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. கட்டுமானத்துக்கான பங்கீடு இவ்வாறு ரூபாய்க் கணக்கில் எழுதப்படுகிறது. திறப்பு விழாவுக்குப் பத்தாண்டுகள் கழித்துக் காட்சிப்பொருள்களைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது என்பதற்கு, பெரும்பாலும், அன்றைய மாநில நிதிநிலை அறிக்கையே விடை சொல்ல வேண்டும். தொழில்நுட்பம் அறிந்தவர்கள் கொல்கத்தாவில், பணப்பை மாநிலத் தலைநகரில், பழுதான கருவி மாவட்டத்தில் என்ற நிலை உருவாகும்போது, ஒரு சிறு மின்சுற்றுக்கூட மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

தனியார் அறக்கட்டளை நடத்தும் வழியும் இந்தியாவில் உண்டு. கொல்கத்தாவின் எம்.பி. பிர்லா கோளரங்கமும் ஹைதராபாத்தின் பி.எம். பிர்லா அறிவியல் மையமும் அவ்வாறு நடைபெறுகின்றன. அங்கு முடிவுகள் விரைவாக எடுக்கப்படலாம். ஆனால் நன்கொடையாளர் குடும்பத்தின் ஆர்வம் தலைமுறைதோறும் ஒன்றுபோல் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நன்கொடையாளரின் பெயர்ப்பலகை

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியை வளர்ப்பதும் பண்பாட்டுப் பாதுகாப்பும் அப்பட்டியலில் உள்ளன. அறிவியல் மையங்கள் இந்நிதியை நாடுவது இயல்பே. ஆனால் யார் பணம், எந்தக் காட்சிக்கூடம் என்ற கேள்வி பின்னாலேயே வரும்.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களுக்கு 2001 டிசம்பர் முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. அரசு மானியம் போதாத இடத்தை விற்பனைக் கடைகளும், அரங்க வாடகையும், நிறுவன நிதியுதவியும் நிரப்புகின்றன. ஆற்றல் மாற்றம் குறித்த புதிய காட்சிக்கூடத்துக்கு அதானி கிரீன் எனர்ஜி நிதியளிப்பதாக 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, அக்குழுமம் நிலக்கரித் தொழிலிலும் ஈடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி எதிர்ப்பு எழுந்தது. இரு அறங்காவலர்கள் பதவி விலகினர். முன்னாள் இயக்குநர் கிறிஸ் ராப்லியும் ஆலோசனைக் குழுவிலிருந்து வெளியேறினார். அருங்காட்சியக நிர்வாகம் தன் முடிவில் மாறவில்லை. காட்சிக்கூடம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. கட்டணமின்றி நுழையும் பார்வையாளருக்கான செலவை யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும் என்பதும், அந்த யாரோ ஒருவருக்குப் பெயர் உண்டு என்பதும் அங்கே ஒருசேர வெளிப்பட்டன.

கட்டடமே ஒரு மையத்தை வீழ்த்திய நிகழ்வும் உண்டு. கனடாவின் டொராண்டோவில் 1969 முதல் இயங்கிவந்த ஒன்டாரியோ அறிவியல் மையம், கூரையில் பயன்படுத்தப்பட்ட இலகுவகைக் கான்கிரீட் பலகைகள் பாதுகாப்பற்றவை எனக் காரணம் கூறி, 2024 ஜூன் 21 அன்று முன்னறிவிப்பின்றி மூடப்பட்டது. அதே 1969-இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரேட்டோரியம், தொட்டுக் கற்கும் முறைக்கு உலகெங்கும் முன்மாதிரி. அது 2013-இல் துறைமுகப் பகுதியில் பெரிய புதிய இடத்துக்கு மாறியது. எதிர்பார்த்த அளவு பார்வையாளர்கள் வராததால், அதே ஆண்டில் ஆட்குறைப்பு செய்ய நேர்ந்தது. புதிய கட்டடம் பார்வையாளரை ஈர்க்கும் என்ற எதிர்பார்ப்பில் செலவுத் திட்டம் தீட்டுவோர், அந்த ஆண்டின் அனுபவத்தைப் படிக்காமல் விடுவதில்லை.

கணக்கு எங்கே கிடைக்கும்?

தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு மையத்துக்கும் வந்த பார்வையாளர் எண்ணிக்கை, நடமாடும் கண்காட்சி சென்ற இடங்கள், நடத்தப்பட்ட பயிற்சிகள் ஆகியவை ஆண்டறிக்கையில் இடம்பெறுகின்றன. மானியமும் சொந்த வருவாயும் கணக்குப் பகுதியில் தனித்தனியே காட்டப்படுகின்றன. தணிக்கையாளரின் தனி அறிக்கையும் உடன் இணைக்கப்படும். அதைப் படிப்போர் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அன்று, மூலதனத் தலைப்புக்கும் பராமரிப்புத் தலைப்புக்கும் இடையே உள்ள விகிதத்தை. மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்ட மையங்களின் கணக்கு இந்த ஆவணத்தில் வராது. கோவை மையத்துக்கான செலவை அறிய விரும்புவோர் தமிழக அரசின் உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கையைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.